கைக்கடிகாரக் கண்ணாடியும் கண்ணின் ஒளியும்

தணிக்கைக்காகச் சங்கங்களுக்குச் செல்லும் நம்மிடம் அங்கத்தினர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் வட்டி, வாய்தா, பயிர்க் கடன், உர ஒதுக்கீடு ஆகியவற்றைப் பற்றியே இருக்கும். சென்ற தை மாதத்தில் மணமேல்குடி வட்டாரத்தில் உள்ள ஒரு சங்கத்திற்குச் சென்றிருந்தோம். அப்போது வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் கேட்ட கேள்வி அவ்வகையில் சேராதது. "ஐயா, கண்ணுக்குள் வைத்த கண்ணாடி கீறிப் போனால் அதை எடுத்துவிட்டு வேறு வைப்பார்களா?" என்று அவர் கேட்டார்.

காரியதரிசி குறுக்கிட்டு விவரம் கூறினார். பெரியவருக்குக் கார்த்திகை மாதம் வலக் கண்ணில் புரை நீக்கும் அறுவை நடந்தது. இடக் கண்ணுக்கும் விரைவில் செய்துகொள்ளுமாறு மருத்துவர் சொல்லியிருந்தார். பெரியவரோ மறுத்துவிட்டார். முதல் கண்ணே தேறவில்லை, இரண்டாவதையும் கெடுத்துக்கொள்ள மாட்டேன் என்பது அவர் வாதம். தேறவில்லை என்பதற்கு அவர் காட்டிய சான்று ஒன்றே ஒன்று: தம் கைக்கடிகாரத்தில் மணி தெரியவில்லை.

இது சிறிய விஷயம் என்று நாம் நினைக்கவில்லை. மணமேல்குடிப் பகுதி கல்லணைக் கால்வாயின் கடைமடையைச் சேர்ந்தது. கடைமடையில் தண்ணீரின் அருமை எல்லாரும் அறிந்ததே. அவ்வூரில் சில குடும்பங்கள் ஒரே நீர் இறைக்கும் இயந்திரத்திலிருந்து முறை வைத்துப் பாய்ச்சிவருகின்றன. முறை மாறும் நேரத்தைப் பார்த்துச் சொல்பவர் இப்பெரியவர். அவர் சொன்ன மணியில் எவரும் சந்தேகம் கொண்டதில்லை. கண் போய்விட்டது என்று எண்ணி அப்பொறுப்பை அவர் கைவிட்டதிலிருந்து, இரவு முறையில் அரை மணி கூடிற்று, கால் மணி குறைந்தது என்று சச்சரவுகள் எழத் தொடங்கியிருந்தன.

நாம் பெரியவரிடம் சங்கத்துப் பாஸ் புத்தகத்தைக் கொடுத்து, கடைசி வரியைப் படிக்கச் சொன்னோம். மருத்துவமனையில் கொடுத்த படிக்கும் கண்ணாடியை அணிந்துகொண்டு, அசலையும் வட்டியையும் காசு பிசகாமல் படித்தார். பொடி எழுத்தைப் படிக்கும் கண்ணுக்கு மணி முள் தெரியாமல் போவானேன்? கடிகாரத்தை வாங்கிப் பார்த்தோம். நமக்கும் மணி தெரியவில்லை!

அது எச்.எம்.டி. கைக்கடிகாரம். திருமணத்தின்போது மாமனார் போட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் களத்திலும் வரப்பிலும் கட்டியிருந்தது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த இரவிலும் கையில் இருந்ததாம். உள்ளே இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மேல் கண்ணாடிதான் ஆயிரம் கீறல்களால் வெண்மை படர்ந்து, பனி படிந்த சன்னலைப் போல் இருந்தது. புரை வளர்ந்த காலத்தில் கண்ணும் மங்கியது, கண்ணாடியும் மங்கியது. கண்ணுக்கு வைத்தியம் நடந்தது, கண்ணாடிக்கு நடக்கவில்லை. இதுவே உண்மை.

அன்று பகல் உணவு வேளையில் அக்கண்ணாடிக்கு நாம் செய்த வைத்தியத்தை, நம் அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்று கருதி விவரமாக எழுதுகிறோம்.

கண்ணாடி அல்லாத கண்ணாடி

பழைய கைக்கடிகாரங்களின் மேல் மூடியை நாம் கண்ணாடி என்று அழைத்தாலும், அவற்றுள் பெரும்பாலானவை உண்மைக் கண்ணாடி அல்ல. அக்ரிலிக் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. இப்பொருள் 1930-களில் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் வாணிபத்துக்கு வந்தது. எடையில் கண்ணாடியின் பாதியளவே உள்ளது. ஒளியை நன்கு விடும். அடிபட்டால் எளிதில் நொறுங்காது. இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளின் தலைக்கு மேலிருந்த கவிகை மூடிகளும் இதனாலேயே செய்யப்பட்டன. 1969-ஆம் ஆண்டு ஜூலையில் சந்திரனுக்குச் சென்ற விண்வெளி வீரர்களுக்கு அளிக்கப்பட்ட ஒமேகா கைக்கடிகாரங்களின் மூடியும் அக்ரிலிக்தான். கண்ணாடி உடைந்தால் சில்லுகள் விண்கலத்துக்குள் மிதந்து கண்ணிலும் கருவியிலும் புகும். அக்ரிலிக்கில் அவ்வபாயம் குறைவு.

நம் நாட்டில் இப்பொருள் வீடுதோறும் வந்தது எச்.எம்.டி. மூலமாக. 1953-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற அரசுத் துறை இயந்திரத் தொழிற்சாலையான அது, 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு கைக்கடிகாரத் தயாரிப்பில் இறங்கிற்று. ஜனதா, பைலட், கோஹினூர் முதலிய சாவி கொடுக்கும் கடிகாரங்கள் ஒரு தலைமுறையின் கல்யாணச் சீராகவும் பணி ஓய்வுப் பரிசாகவும் விளங்கின. டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984-இல் நிறுவிய டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை அமைத்துக் குவார்ட்ஸ் கடிகாரங்களைப் பெருக்கிய பின் சாவிக் கடிகாரத்தின் மவுசு குறைந்தது. எச்.எம்.டி.யின் கைக்கடிகார நிறுவனத்தை மூடுவதென 2016 ஜனவரியில் ஒன்றிய அரசு முடிவு செய்தது. ஆயினும் ஓடும் கடிகாரங்கள் இன்றும் எத்தனையோ வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் உறங்குகின்றன.

கீறல் ஏன் விழுகிறது?

அக்ரிலிக்கின் குணமும் குறையும் ஒன்றே. அது மென்மையானது. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் இடம் ஏறத்தாழ 3. மணலில் உள்ள குவார்ட்ஸின் இடம் 7. ஆகவே கடற்கரை மணல் ஒரு துளி பட்டாலும் கீறல் விழும். உழவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். நெல் உமியில் சிலிக்கா என்னும் மணற்சத்து மிகுதி. கையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நெல் தூற்றுவதும், மூட்டையில் கை விட்டு அளப்பதும், உப்புத்தாளால் மூடியைத் தேய்ப்பதற்குச் சமமாகும். நெசவாளர்க்குத் தறிக் கட்டையின் விளிம்பில் மணிக்கட்டு இடிப்பதே வினை.

கீறல் விழுந்தால் மணி தெரியாமல் போவது ஏன்? மட்டமான பரப்பில் விழும் ஒளி நேராக உள்ளே சென்று, முள்ளிலும் எண்ணிலும் பட்டு, நேராக நம் கண்ணுக்குத் திரும்புகிறது. கீறலின் சரிந்த கரைகளில் படும் ஒளியோ நாலா பக்கமும் சிதறுகிறது. கீறல்கள் நூறாகவும் ஆயிரமாகவும் பெருகும்போது அச்சிதறிய ஒளியே வெண்திரையாய் மறைக்கிறது.

இதை அறிய எளிய சோதனை உண்டு. தேங்காய் எண்ணெயை விரல் நுனியில் தொட்டு மூடியின் நடுவில் மெல்லியதாகத் தடவிப் பாருங்கள். அக்ரிலிக்கும் தேங்காய் எண்ணெயும் ஒளியை வளைக்கும் அளவு ஏறத்தாழ ஒன்றே. எண்ணெய் கீறல்களை நிரப்பியதும் திரை விலகி எண்கள் தெரியும். அவ்வாறு தெரிந்தால் குற்றம் மூடியின் வெளிப்பரப்பில் உள்ளது, மெருகிட்டால் தீரும். எண்ணெய் தடவியும் மங்கலாகவே இருந்தால் குற்றம் உட்புறத்தில் உள்ளது. கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். பெரியவரின் கடிகாரத்தில் எண்ணெய் பட்ட இடத்தில் 12-உம் 1-உம் பளிச்சென்று தெரிந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் இனம் காணுக

உண்மைக் கண்ணாடியையும் நீலக்கல் கண்ணாடியையும் இம்முறையில் மெருகிட முடியாது. நீலக்கல்லின் கடினத்தன்மை 9. ஆகவே அக்ரிலிக்தானா என்று உறுதி செய்துகொள்வது அவசியம். விரல் நகத்தால் தட்டினால் கண்ணாடி கணீரென்று ஒலிக்கும். அக்ரிலிக் மொத்தென்று ஒலிக்கும். கன்னத்தில் வைத்தால் கண்ணாடி குளிரும். அக்ரிலிக் அவ்வளவு குளிராது. பழைய கடிகாரத்தில் மூடி சற்றுக் குவிந்து, மயிரிழை போன்ற மெல்லிய கீறல்கள் நிறைந்திருந்தால் பெரும்பாலும் அக்ரிலிக்கே.

மூடியில் வெடிப்பு இருந்தால் மெருகிட வேண்டாம். வெடிப்பு தேய்த்துத் தீராது. அதன் வழியே தூசியும் ஈரமும் உள்ளே போகும். புது மூடி போட்டுக்கொள்வதே சரி.

வேண்டிய பொருள்கள்

வெண்ணிறமான சாதாரணப் பற்பசை சிறிதளவு போதும். கூழ் போன்ற வண்ணப் பசை இதற்கு உதவாது. துவைத்துப் பழகிய கைத்தறி வேட்டித் துண்டுகள் இரண்டு மூன்று வேண்டும். புதுத் துணியில் கஞ்சியின் விறைப்பு இருக்கும், பழந்துணியே மேல். இவற்றோடு ஒட்டும் நாடா ஒரு சுருள், மென்மையான தூரிகை ஒன்று. ஆழமான கீறல்கள் இருந்தால், வண்டிகளுக்கு வர்ணம் பூசுவோர் பயன்படுத்தும் வாட்டர் பேப்பரில் 1000, 1500, 2000 எண்ணுள்ளவை ஒவ்வொரு துண்டு. எண் கூடக் கூடத் தாள் நைஸாகும் என்பதை நினைவில் கொள்க. நூல் நம்பர் கூடக் கூட இழை மெலிவதை அறிந்த நெசவாளருக்கு இது புதிதன்று.

பற்பசையில் சுண்ணாம்புச் சத்துப் பொடியும் சிலிக்காப் பொடியும் கலந்திருக்கும். பல்லைத் தேய்க்கும் அப்பொடியே மூடியின் மேல்தோலையும் மிக நுண்ணியதாகத் தேய்த்தெடுக்கிறது.

செய்முறை

முதலில் கடிகாரத்தின் வாரைக் கழற்றுக. சாவித் திருகை உள்ளே நன்கு அழுத்திவிடுக. தூரிகையால் மணலையும் தூசியையும் தட்டிவிட்டு, பிழிந்த ஈரத்துணியால் துடைக்க. இதைச் செய்யாமல் தேய்த்தால் மேலே கிடக்கும் மணலே புதுக் கீறல்களைப் போடும். பழைய கடிகாரங்கள் நீர் புகாதவை அல்ல. ஆகவே குழாயடியில் காட்டக் கூடாது. பின்னர் மூடியைச் சுற்றியுள்ள உலோக விளிம்பு முழுவதும் நாடாவை ஒட்டுக. விளிம்பில் தங்க முலாம் இருந்தால் பசை அதையும் அரித்துவிடும்.

அடுத்து, பச்சைப் பயறு அளவு பசையைத் துணியில் எடுத்து, இரண்டு விரல்களால் மெதுவாக வட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுத்தம் வேண்டாம், பொறுமை வேண்டும். மூன்று நான்கு நிமிடங்கள் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவும். மேலோட்டமான கீறல்கள் மங்கியிருக்கும். இவ்வாறு மூன்று அல்லது நான்கு முறை செய்தால் பெரும்பாலான மூடிகள் தெளிந்துவிடும்.

நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் கீறல்களுக்குப் பசை மட்டும் போதாது. 1000 எண் தாளை நீரில் நனைத்து உதறி, ஒரே திசையில் தேய்க்க. மூடி முழுவதும் பாலாடை போல் வெளுத்துவிடும், அஞ்ச வேண்டாம். பிறகு 1500 எண் தாளால், முன் தேய்த்ததற்குக் குறுக்குத் திசையில் தேய்க்க. பாவுக்குக் குறுக்கே ஊடை ஓடுவது போலக் கோடுகள் குறுக்காக அமைவதால், முந்தைய தாளின் கோடுகள் முற்றும் மறைந்தனவா என்று எளிதில் காணலாம். மறைந்த பின்னரே 2000 எண் தாளுக்குச் செல்ல வேண்டும். இடையில் ஒரு படியைத் தாண்டினால், கடைசி மெருகில் பழைய கோடுகள் நம்மைப் பார்த்து நகைக்கும். முடிவில் பசை மெருகு. ஒரே இடத்தைக் குடைந்தால் பள்ளம் விழுந்து எண்கள் நெளிந்து தெரியும். ஆகவே பரப்பு முழுவதையும் சமமாகத் தேய்க்கவேண்டும்.

பேரேட்டில் ஓர் எண்ணைச் சுரண்டி அழித்திருந்தால் அதைக் குற்றமாக எழுதுவது நம் கடமை. கடிகாரத்திலோ சுரண்டித் தேய்ப்பதே மருந்தாகிறது என்று சொல்லிக்கொண்டே நாம் தாளை நனைத்தபோது, காரியதரிசி சிரித்துவிட்டார்.

செய்யத் தகாதவை

நாம் கல்லூரியில் படித்த காலத்தில் தந்தையாரின் கடிகாரத்தைத் துலக்கும் ஆசையால், நகப்பூச்சை நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு மூடியைத் துடைத்தோம். அத்திரவத்தில் இருந்த அசிட்டோன் ஒரு நிமிடத்தில் மூடியின் முகத்தைக் கரைத்துக் குழைத்துவிட்டது. தந்தையார் கடிந்துகொள்ளவில்லை, புது மூடி போடும் வரையில் ஒரு மாதம் பிறரிடம் மணி கேட்டுக்கொண்டிருந்தார். அதை இன்றும் மறக்க முடியவில்லை. அசிட்டோன், தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் ஆகிய எதுவும் அக்ரிலிக்கில் படலாகாது. சில உடனே கரைக்கும். சில நுண்வெடிப்புகளை உண்டாக்கும்.

மின் இயந்திரத்தில் வைத்துச் சாணை பிடிப்பதும் கூடாது. அக்ரிலிக் சுமார் 100 பாகை வெப்பத்தில் இளகும். உராய்வின் சூடு அதை எளிதில் எட்டிவிடும்.

அடிக்கடி மெருகிடுவதும் நல்லதன்று. ஒவ்வொரு மெருகும் மூடியில் சிறிதளவைத் தின்றுவிடுகிறது. அரிசியை அளவாகத் தீட்டினால் வெண்மை. மிகத் தீட்டினால் நொய். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை போதும்.

பெரியவரின் கடிகாரம்

முக்கால் மணி நேரத்தில் பணி முடிந்தது. 4-க்கும் 5-க்கும் இடையில் ஓர் ஆழமான கீறலை நாம் முழுவதும் எடுக்கவில்லை. அதை எடுக்க முயன்றால் மூடி மிகவும் மெலிந்துவிடும். நாடாவைப் பிரித்துத் துடைத்துப் பெரியவரிடம் கொடுத்தோம். அவர் வாசலுக்குச் சென்று வெளிச்சத்தில் பார்த்தார். திரும்பி வந்து, "இரண்டு அடிக்கப் பத்து நிமிடம்," என்றார். சுவர்க் கடிகாரமும் அதையே காட்டிற்று.

அவருடைய முதற் கேள்விக்கும் அப்போதுதான் விடை சொன்னோம். கண்ணுக்குள் வைக்கப்படும் வில்லையும் இதே இனத்தைச் சேர்ந்த பொருள்தான். போரில் விமான மூடிகள் சிதறி விமானிகளின் கண்ணுக்குள் புகுந்த அக்ரிலிக் துணுக்குகள் தீங்கு செய்யாமல் கிடந்ததைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி என்னும் ஆங்கில மருத்துவர், 1949-இல் இலண்டனில் அப்பொருளால் ஆன வில்லையை முதன்முதலாக மனிதக் கண்ணில் வைத்தார். பிற்காலத்தில் வெளிநாட்டிலிருந்து மிகுந்த விலைக்கு வந்துகொண்டிருந்த அவ்வில்லைகளைக் குறைந்த செலவில் செய்ய, மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் நிறுவிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில் 1992-இல் ஆரோலேப் தொடங்கப்பெற்றது. ஏழை எளியோரும் வில்லை வைத்துக்கொள்ள முடிந்ததற்கு இது பெருங்காரணம். கண்ணுக்குள் மணலும் உமியும் உரசுவதில்லை. ஆகவே கைக்கடிகாரம் கீறுவது போல் வில்லை கீறாது. சிலருக்குப் பின்னாளில் வில்லைக்குப் பின்னுள்ள சவ்வு மங்குவதுண்டு. அதையும் லேசர் ஒளியால் மருத்துவர் சரிசெய்வார். எனவே பார்வை மங்கினால் தாமே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அறுவடை முடியட்டும் ஐயா, பார்க்கலாம்," என்று மட்டும் சொல்லிப் புறப்பட்டார். அதற்கு மேல் நாமும் வற்புறுத்தவில்லை.

பங்குனியில் மறுபடி அச்சங்கத்திற்குச் சென்றோம். திண்ணையில் கறுப்புக் கண்ணாடி அணிந்து பெரியவர் அமர்ந்திருந்தார். இடக் கண்ணுக்கும் அறுவை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நீர் முறை பார்க்கும் பொறுப்பு மீண்டும் அவரிடம் வந்துவிட்டதாகவும், இரவுச் சச்சரவு ஓய்ந்ததாகவும் காரியதரிசி சொன்னார். அச்சங்கத்தில் இப்போது மேசை அறையில் ஒரு பசைக் குழாயும் மூன்று துண்டு வாட்டர் பேப்பரும் இருக்கின்றன. அங்கத்தினர் ஒருவரின் மகன், பள்ளி விடுமுறை நாள்களில் கேட்டவர்களுக்கு மெருகிட்டுத் தருகிறான். கூலி வாங்குவதில்லை.

நம் சங்கங்கள் ஒவ்வொன்றிலும் இவ்வளவு ஏற்பாடு செய்துகொள்ளச் செலவு மிகச் சொற்பம். பெட்டியில் கிடக்கும் பழைய கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்துப் பாருங்கள். ஓடினால், ஒரு துளி எண்ணெய் தடவிப் பாருங்கள். வீட்டில் முதியோர் எவரேனும் மணி தெரியவில்லை என்று சொன்னால், முதலில் கடிகாரத்தை வாங்கிப் பாருங்கள். கடிகாரம் தெளிவாக இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.